கம்பிரசருக்கு ஒரு வாய்

தெருவில் யாரிடம் போய் பிரிட்ஜ்காரர் வீடு எது என்று கேட்டாலும் கடைசி வீட்டைக் கைகாட்டுவார்கள். அவர் பிரிட்ஜைத் தொட்டே பல வருடம் ஆகிறது. கை நடுங்க ஆரம்பித்ததும் தொழிலை விட்டுவிட்டார். பெயர் மட்டும் அவரை விடவில்லை. கேஸ் அளக்கும் கேஜ், சிவப்பும் நீலமுமாக இரண்டு ரப்பர் குழாய்கள், பாதி காலியான ஒரு சிலிண்டர், எண்ணெய் டப்பா எல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டியில் கிடந்தன. அவ்வப்போது வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே வைப்பார். எதற்கு இந்த வேலை என்று கேட்டால், "அது பாட்டுக்குக் கெடக்கட்டும், சோறா கேக்குது" என்பார்.

தொழிலில் இருந்தபோது அவருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. கேஸ் நிரப்பி முடித்ததும் கம்பிரசருக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றாமல் எழுந்திருக்க மாட்டார். வேண்டுமோ வேண்டாமோ, ஊற்றியே ஆகவேண்டும். "நாம மட்டும் தின்னா போதுமா, அதுக்கும் ஒரு வாய் குடுக்கணும்ல" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுவார். வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டு டீ கொண்டுவருவார்கள். இன்னொன்று, எந்த மூடியைத் திறந்தாலும் அதன் மரையில் வெள்ளை டேப்பை இரண்டு சுற்று சுற்றித்தான் மூடுவார். இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் குழாய்களுக்கெல்லாம் கழுத்தில் வெள்ளைப் பட்டை. ஒருநாள் மருமகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது அதிலும் டேப் இருந்தது. "என்ன மாமா, தண்ணி லீக்காகி கேஸ் போயிடுமா?" என்று கேட்டுவிட்டு நாள் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

மருமகள்தான் அவரை வைத்துக் காப்பாற்றுகிறாள். ஊர் அப்படித்தான் சொல்லும், அதில் பொய்யும் இல்லை. மகன் வேறொருத்தியோடு வேறு ஊரில் குடித்தனம் வைத்துவிட்டான். போகும்போது காரை விட்டுவிட்டுப் போனான், அப்பாவையும் விட்டுவிட்டுப் போனான். இரண்டும் பழசு, அதுதான் காரணம் என்று பிரிட்ஜ்காரர் வெளியில் கேலியாகச் சொல்லிக்கொள்வார். உள்ளுக்குள் அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசும். பெற்ற மகன் உதறிவிட்டுப் போன பெண்ணின் கையால் தினமும் சாப்பிடுவது அவருக்கு லேசான காரியமாக இல்லை. அதனால்தான் கேட்காமலே துணி மடிப்பார், குழாய்க்கு டேப் சுற்றுவார், காய் நறுக்குவார். அவள் வேண்டாம் என்பாள். அவர் கேட்கமாட்டார்.

காரும் அவளும்தான் குடும்பத்துக்குச் சம்பாதித்தார்கள். அது ஹைபிரிட் கார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். இரண்டு கை மாறி மூன்றாவது கையாக அவர்களிடம் வந்தது. காலையில் ஒரு டீச்சரம்மாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். பிறகு சிறுநீரகம் கெட்டுப்போன ஓர் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காத்திருந்து திரும்பக் கொண்டுவருவாள். நடுநடுவே ரயிலடிக்கும் கடைத்தெருவுக்கும் சவாரி. அந்த ஆஸ்பத்திரி அம்மாவால் வெக்கை தாங்க முடியாது. பேசவே பேசாது, பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். ஏசிக் காற்று முகத்தில் பட்டால் மட்டும் "அப்பாடா" என்னும். அந்த ஒரு 'அப்பாடா'வுக்காகவே அவள் இரண்டு தெரு முன்னாலேயே ஏசியைப் போட்டுக் காரைக் குளிர வைத்துக்கொண்டு போவாள்.

கோடை தொடங்கும்போது ஏசி ஒரு தடவை படுத்துவிட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் ஏசி கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோனாள். ஏசிக்காரர் அதிகம் பேசாத மனிதர். குழாய் மூட்டில் ரப்பர் வளையம் கெட்டு கேஸ் கசிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, வளையத்தை மாற்றி, கேஸும் எண்ணெயும் போட்டுக் கொடுத்தார். கார் ஐஸ் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. கேட்ட காசும் நியாயம்.

அதற்கப்புறம் வெயில் ஏறியது. தார் ரோடு செருப்பில் ஒட்டியது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மருமகள், "ஏசியில காத்து கொஞ்சம் கம்மியா வர மாதிரி இருக்கு மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள், கண் அயர்ந்து அரைமணி நேரம் படுத்தாள்.

பிரிட்ஜ்காரருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. எத்தனை வருடம் கழித்து அவருடைய தொழில் அவரைக் கூப்பிடுகிறது! காத்து கம்மி என்றால் கேஸ் கம்மி என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். மறுநாள் உதிரிபாகக் கடைக்குப் போய் "கார் ஏசி ஆயில் ஒரு டப்பா குடுங்க" என்று கேட்டு வாங்கினார். பெட்டியில் பிரிட்ஜ் எண்ணெய் இருந்தது. அதை எடுக்கவில்லை. காருக்குக் கார் எண்ணெய்தான் ஊற்றவேண்டும், பிரிட்ஜுக்கு ஊற்றுவதை ஊற்றக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். அவள் தூங்கும் நேரம் பார்த்து பானெட்டைத் தூக்கி, கேஜை மாட்டி, நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கேஸை ஏற்றினார். கடைசியில் கம்பிரசருக்கு ஒரு வாய் கொடுத்தார். மூடியில் டேப்பை இரண்டு சுற்று சுற்றி மூடினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து படுத்தபோது, கொஞ்ச நாளாகத் தன்னிடம் இல்லாத ஒரு சந்தோஷம் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. காற்று நன்றாக வருகிறது என்று அவளே சொல்லட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார்.

அவள் சொல்லவே இல்லை. பத்துப் பதினைந்து நாளில் ஏசி நின்றது. டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. மறுநாள் காலையில் கார் கிளம்பவே மாட்டேன் என்றது.

ஹைபிரிட் கார்களுக்கென்றே இருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கண்ணாடித் தடுப்பு, சுவரோரமாக நாற்காலிகள், கையில் டோக்கன். அழைத்ததும் இருவரும் உள்ளே போனார்கள். பானெட் திறந்திருந்தது. சூப்பர்வைசர் கையில் ஒரு காகிதம், அதில் எண்ணெய்க் கறை.

"கடைசியா ஏசிய யாரு பார்த்தது?" என்று கேட்டார்.

"பாலத்துக்கிட்ட ஒரு கடையில கேஸ் போட்டோம்."

"அங்கதான் சொதப்பியிருக்காங்க. சாதாரண கார்ல கம்பிரசரை பெல்ட் சுத்தும். எந்த ஏசி ஆயில ஊத்தினாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது. இதுல பெல்ட்டே கிடையாதுங்க. மோட்டார் உள்ளயே இருக்கு, ஆயில்லயே முங்கிக் கெடக்கு. பெரிய கரண்டு வேற. உங்க வீட்டு பிரிட்ஜ் எப்படி, அது மாதிரி. அதனால கரண்டு கடத்தாத ஆயில்தான் ஊத்தணும். இதுல சாதாரண கார் ஆயில் கலந்திருக்கு. கரண்டு கசிஞ்சதும் வண்டியே தன்னைப் பூட்டிக்கிச்சு."

உங்க வீட்டு பிரிட்ஜ் மாதிரி. பிரிட்ஜ்காரருக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. மோட்டார் உள்ளே இருக்கும் கம்பிரசரோடு பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். காருக்குள் ஒரு பிரிட்ஜ் இருந்திருக்கிறது, அதை அடையாளம் தெரியாமல் கார் என்று நினைத்துவிட்டார். வேறு யார் இந்தத் தப்பைச் செய்திருந்தாலும் மன்னிக்கலாம் என்று தோன்றியது.

"என்ன செலவாகும்?" என்றாள் மருமகள். பானெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பிரசர், முன்னாடி இருக்கிற ஏசி ரேடியேட்டர், குழாய், எல்லாத்துலயும் அந்த ஆயில் போயிருக்கு. மொத்தமா மாத்தணும்." அவர் ஒரு தொகை சொன்னார். காரை இன்றைக்கு விற்றால் வருவதில் பாதிக்கு மேல் அது. "இன்னொண்ணுங்க. ஃபில்டர் தூசி அடைச்சுப் போயிருந்துச்சு. காத்து கம்மியா வந்திருக்குமே?"

"ஆமா, கம்மியாதான் வந்துச்சு."

"அது ஃபில்டரால. தட்டிப் போட்டிருந்தாலே சரியாயிருக்கும்."

பிரிட்ஜ்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நான்தான் ஊற்றினேன் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. வந்ததை மென்று விழுங்கினார். இப்போது இல்லை, வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஏசி இணைப்பை மட்டும் கழற்றிவிட்டுக் காரை ஓடும்படி செய்து கொடுத்தார்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினாள். அனல் காற்று உள்ளே அடித்தது. சாயங்காலம் வாசலில் பானெட்டைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிறாள் போலிருக்கிறது என்று அவர் படுத்தே கிடந்தார்.

காலையில், "ஏசிக்காரர் கடைக்குப் போறேன் மாமா, வரீங்களா?" என்றாள். வரவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கடையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒரு வேன்காரர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரர் போன் பேசிக்கொண்டிருந்தார். மருமகள் இறங்கிய வேகத்தைப் பார்த்ததும் இருவரும் நிமிர்ந்தார்கள்.

"எங்க வண்டிக்கு என்னங்க ஊத்துனீங்க?" என்றாள். பிரிட்ஜ்காரர் அவள் குரலை இவ்வளவு உயரத்தில் கேட்டதில்லை. அவள் புருஷன் போனபோதுகூட இப்படிக் கத்தவில்லை.

ஏசிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டார். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "இதாம்மா ஊத்தினேன். ஹைபிரிட்டுக்குன்னே தனியா வாங்கி வச்சிருக்கேன்."

"பக்கத்துல இருக்கறது?"

"அது சாதாரண வண்டிக்கு."

"ரெண்டும் ஒரே அளவு. ஒரே தட்டுல ஒட்டி ஒட்டி வச்சிருக்கீங்க. கை மாறலன்னு எப்படிச் சொல்றீங்க?"

"மாறாதும்மா. பார்த்துத்தான் எடுப்பேன்."

"அப்ப சாதாரண ஆயில் எங்க வண்டிக்குள்ள எப்படிப் போச்சு? வானத்துலேர்ந்து வந்துச்சா? அந்த வண்டிய வச்சுத்தான் நாங்க சாப்பிடறோம். ஒரு நோயாளி அம்மா அதுல வராங்க. நீங்க அவசரத்துல எதையோ எடுத்து ஊத்திட்டுப் போயிடுவீங்க, நாங்க என்ன பண்றது?"

வேன்காரர் பேப்பரை மடித்து, "என் வண்டிக்கும் எதையாவது மாத்தி ஊத்திடாதீங்கப்பா" என்று பாதி விளையாட்டாகச் சொன்னார். வெள்ளைக் கார்க்காரர் எதுவும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஏசிக்காரர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார், அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். மறுபடி கையில் இருந்ததைப் பார்த்தார். அவர் முகம் மாறுவதைப் பிரிட்ஜ்காரர் பக்கத்திலிருந்தே பார்த்தார். ஒரு மனிதனுக்குத் தன் கைமேல் இருக்கும் நம்பிக்கை கண்ணெதிரே கழன்று போவதை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

"அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தியா இருந்துச்சு," என்றார் ஏசிக்காரர், யாரிடமோ சொல்வது போல. "எனக்கு ஞாபகம் இல்லம்மா. மாறியிருந்தாலும் இருக்கும்."

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"வண்டிய விட்டுட்டுப் போங்க. பழைய வண்டி உடைக்கிற எடத்துல நல்ல கம்பிரசரா பார்த்து எடுத்துட்டு வரேன். குழாயெல்லாம் கழுவிப் பார்க்கறேன். கழுவி வராததை மாத்திடறேன். நீங்க ஒண்ணும் தர வேண்டாம். என் கை பண்ணின தப்பு."

அந்த நேரத்தில் பிரிட்ஜ்காரர் சொல்லியிருக்கலாம். நாலடி தள்ளித்தான் நின்றார். வேன்காரர் இருக்கிறார், மருமகள் இவ்வளவு கத்திவிட்டாள், இப்போது சொன்னால் அவள் மானம் என்ன ஆகும் என்று ஒரு நியாயம் கிடைத்தது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். நல்ல நியாயம்தான். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவேளைச் சோறு நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

மூன்று நான்கு நாள் கழித்து, வேலை எப்படி நடக்கிறது பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் மட்டும் கடைக்கு நடந்தார். தன் காலே தன்னை இழுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. மத்தியானம் தாண்டிவிட்டது. காரின் முன்பக்கம் கழற்றப்பட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஏசிக்காரர் தரையில் உட்கார்ந்து ஒரு குழாய்க்குள் மருந்தை விட்டுக் காற்றடித்து, வருகிற கசடை வெள்ளைத் துணியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி சுத்தமாக இருந்தது. மறுபடி விட்டு மறுபடி அடித்தார். பக்கத்தில் ஸ்டூல்மேல் அவருடைய சாப்பாட்டு அடுக்கு, திறக்காமல் இருந்தது.

"சுத்தமாத்தானே வருது," என்றார் பிரிட்ஜ்காரர்.

"எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடுவோம்."

அலமாரியில் இரண்டு பாட்டில்களும் இப்போது ஒன்றாக இல்லை. ஒன்று மேல்தட்டுக்குப் போயிருந்தது, அதன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் காரை நிறுத்தி ஹைபிரிட் ஏசி பார்ப்பீர்களா என்று கேட்டார். ஏசிக்காரர் தலையைத் தூக்காமலே, "இல்லீங்க, நான் அதெல்லாம் பார்க்கறதில்ல" என்றார்.

"ஏன் வேண்டாம்னுட்டீங்க?"

"பயமா இருக்குங்க. சாதாரண வண்டிக்கு ஊத்தும்போதே ரெண்டு தடவை பாட்டில எடுத்துப் படிக்கிறேன். படிச்சுட்டு வச்சதும் மறுபடி சந்தேகம் வருது." அவர் குழாயைக் கீழே வைத்தார். "வீட்ல கையில தப்பு நடந்துபோச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கு மேல பேச்சு வரல. பெரியவரே, உங்களை பிரிட்ஜ்காரர்னு சொல்வாங்களே. நீங்களும் இதே தொழில்தானே. உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?"

பிரிட்ஜ்காரரின் காது சூடாகிவிட்டது. இதைவிட அந்த மனிதர் செருப்பால் அடித்திருக்கலாம்.

"ஆகும்," என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. "எல்லாருக்கும் ஆகும்."

"நீங்க சொன்னா சரி," என்று ஏசிக்காரர் மறுபடி குழாயை எடுத்தார். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரிந்தது. பிரிட்ஜ்காரர் திரும்பி நடந்தார். வெயிலில் குடையை விரிக்கக்கூட மறந்து, அதைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டின் பின்பக்கம் மருமகள் காரின் சீட் உறைகளை ஒரு பெரிய வாளியில் ஊறப்போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள். கார் இல்லாத நாளில் கை சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி அம்மா வேறொரு காரை வைத்துக்கொண்டுவிட்டதாகக் காலையில்தான் போன் வந்திருந்தது. உறைகள் கனமானவை, ஒருவரால் பிழிய முடியாது. அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் போய் ஒரு நுனியைப் பிடித்தார். அவள் மறுநுனியைப் பிடித்தாள். அவள் வலப்பக்கம் முறுக்க, அவர் இடப்பக்கம் முறுக்கினார். அழுக்குத் தண்ணீர் கொட்டியது.

"நான்தாம்மா ஊத்தினேன்," என்றார்.

அவள் முறுக்குவதை நிறுத்தவில்லை.

"நீ காத்து கம்மியா வருதுன்னு சொன்னல்ல. மறுநாள் நீ தூங்கும்போது நான்தான் கேஸ் ஏத்தினேன். ஆயிலும் நான்தான் வாங்கிட்டு வந்து ஊத்தினேன். அந்த மனுஷன் மேல ஒரு தப்பும் இல்ல."

கடைசித் துளி வரைக்கும் பிழிந்துவிட்டு அவள் உறையை உதறிக் கொடியில் போட்டாள். "தெரியும் மாமா," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் உள்ளே போய்த் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வெள்ளை டேப். சுருண்டு, எண்ணெய்க் கறையோடு, கழற்றிய மூடியின் வட்டம் மாறாமல் இருந்தது.

"ஒர்க்‌ஷாப்ல பானெட்டுக்குள்ள பார்த்தப்பவே தெரிஞ்சு போச்சு. நம்ம வீட்டுக் குழாய் அத்தனையிலயும் இதுதானே இருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் நான்தான் பிச்சு எடுத்தேன். ஏசிக்காரர் கண்ணுல பட்டா, நான் சுத்தலையேன்னு கேட்டுடுவாரேன்னு."

"தெரிஞ்சுமா அவரை அத்தனை பேர் முன்னால அப்படிக் கேட்ட?"

"ஆமா. தெரிஞ்சுதான் கேட்டேன்." அவள் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். "வேற யாரைக் கேக்கறது மாமா? உங்களைக் கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? தகரப்பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. உங்க மகன் வாசல்ல போய் நிப்பீங்க. அவ உங்களை உள்ள விடுவாளோ மாட்டாளோ. வண்டியும் போயி, நீங்களும் போயிட்டா, இந்த வீட்ல நான் யாரோட பேசறது? பாதிச் செலவாவது ஏத்துக்குவாருன்னுதான் போனேன். இல்ல இல்லன்னு சண்டை போடுவாரு, கடைசில பேசி முடிச்சிடலாம்னு நெனச்சேன். அந்த ஆளு முழுசையும் தூக்கித் தன் தலையில போட்டுக்குவாருன்னு நெனக்கல. அதுலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்ல."

நீங்களும் போயிட்டா என்ற வார்த்தை பிரிட்ஜ்காரரின் நெஞ்சில் ஒரு நொடி குளிர்ச்சியாக இறங்கியது. தன்னைப் போகவிடக்கூடாது என்று ஒருத்தி நினைத்திருக்கிறாள். அடுத்த நொடியே அந்தக் குளிர்ச்சிக்காக வெட்கப்பட்டார். அதற்கு விலை கொடுத்தது சாப்பாட்டு அடுக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மனிதன்.

"வா போலாம்," என்றார்.

"இப்பவா? நனைஞ்சு போய் நிக்கிறோம்."

"இப்பப் போகலன்னா நான் போகவே மாட்டேம்மா. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். மீதி உறைகள் வாளியிலேயே கிடந்தன.

கடையில் ஏசிக்காரர் பழைய வண்டியிலிருந்து எடுத்து வந்த கம்பிரசரைப் பொருத்தி போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். இருவரையும் ஈரத் துணியோடு பார்த்ததும் பதறி எழுந்தார். "நாளைக்கு முடிஞ்சிடும்மா. இன்னும் ஒரே ஒரு நாள்," என்றார்.

பிரிட்ஜ்காரர் டேப்பை அவரிடம் நீட்டினார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "இது நான் சுத்தினது. நீங்க வேலை பார்த்து விட்டதுக்கு அப்புறம் நான் தொறந்தேன். சாதாரண ஆயில ஊத்தினது நான். அன்னைக்கு இங்கயே நின்னுட்டு இருந்தேன், சொல்லல. இன்னைக்கு மத்தியானம் நீங்க கேட்டப்பவும் சொல்லல."

ஏசிக்காரர் டேப்பை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். "நான் டேப் சுத்தறதில்ல," என்றார் மெதுவாக. அப்புறம் நிமிர்ந்தார். "அப்ப நான் ஊத்தலையா?"

"நீங்க ஊத்தல."

"நான் சரியாத்தான் ஊத்தியிருக்கேனா?"

"சரியாத்தான் ஊத்தியிருக்கீங்க. உங்க கையில ஒரு தப்பும் இல்ல."

"எனக்கும் தெரியும்ங்க," என்றாள் மருமகள். "இவர்தான்னு தெரிஞ்சுதான் உங்களை வந்து கத்தினேன். அந்த டேப்பையும் நான்தான் மறைச்சேன். செலவு மொத்தமும் எங்களோடது, மெதுவா குடுத்துடறேன். அந்த வேன்காரர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

ஏசிக்காரர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார். "பெரியவர் சொன்னதோட நிறுத்தியிருக்கலாம்மா," என்றார். "இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்." அதில் கோபம்கூட இல்லை. அவள் தலை குனிந்துகொண்டாள். பிரிட்ஜ்காரருக்கு அவள் தோளைத் தொட வேண்டும்போல் இருந்தது. தொடும் யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது.

ஏசிக்காரர் கைகூடத் துடைக்காமல் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். திரையெல்லாம் எண்ணெய் ஆகியது. "நான்தான் பேசறேன். அந்த வண்டி இருக்குல்ல, அது நான் இல்லையாம். நான் சரியாத்தான் ஊத்தியிருக்கேனாம். ஆமா. ஆமா, நிஜமாத்தான். இல்ல, யாரும் ஆறுதலுக்குச் சொல்லல." கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு போனைப் பிரிட்ஜ்காரர் பக்கம் நீட்டினார். "நம்ப மாட்டேங்கறா. என்னைத் தேத்தறதுக்கு யாரோ சொல்றாங்கன்னு நெனக்கிறா. நீங்களே சொல்லிடுங்க."

நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பிரிட்ஜ்காரர் போனை வாங்கினார். முன்பின் தெரியாத ஒரு பெண் அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது.

"நான்தாம்மா ஊத்தினேன்," என்றார். "உங்க வீட்டுக்காரர் மேல தப்பே இல்ல. பழியை மட்டும் அவர் மேல விட்டுட்டு இத்தனை நாள் பேசாம இருந்துட்டேன்."

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். திட்டவேண்டும் என்றுகூட ஆசைப்பட்டார். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

பிரிட்ஜ்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஏசிக்காரர் பக்கம் திரும்பினார். ஸ்டூல்மேல் அந்த அடுக்கு அப்படியே இருந்தது. நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்க்க முடியாமல், அடுக்கைப் பார்த்தே கேட்டார்.

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க."